என் அடுப்பையா சொன்னாங்க?

என் பழைய மோட்டார் சைக்கிள் புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தோற்றது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட லைசன் தரமாட்டார்கள். திட்டிக்கொண்டே அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கினேன். காற்றைச் சுத்தமாக்கச் சட்டம் போட்டவர்களில் ஒருவராவது டயகமப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில் குடியிருந்திருக்க மாட்டார்.

நானும் மனைவியும் வீட்டில் பணிஸ், அதாவது பன் ரொட்டி, சுட்டு விற்கிறோம். கீழ் டிவிசன் ஆட்கள் காலைப் பெரட்டில் கூடி வேலை பிரித்து மலைக்கு ஏறுவதற்குள் பெட்டி காலியாக வேண்டும். தவறினால் அன்றைய பணிஸ் மாட்டுக்குத்தான்.

புது பைக் வந்த மாலை சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். லயமே கூடியது. எல்லாரும் பார்க்கட்டும் என்று சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அணைக்காமலே தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது பெட்டரி செத்திருந்தது. நான் கவலைப்படவில்லை. எங்கள் பக்கம் பைக்கைச் சரிவில்தான் நிறுத்துவோம். குளிரில் கிக்கரோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? உருட்டி, கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு உருட்டினேன். கிளட்ச்சை விட்டேன். உதறியது, பிடிக்கவில்லை. வேகம் போதவில்லை போல என்று மேலும் உருட்டினேன். கீழ் லயங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஹோர்னும் அடிக்கவில்லை. நின்று விற்றிருக்கலாம், அடுத்த வளைவில் பிடித்துவிடும் என்ற வீம்பு விடவில்லை. கடைசியில் பெரட்டுக்களத்தில் போய்த்தான் நின்றேன்.

"என்னா தம்பி, புது பைக்கு சத்தமே இல்லாம வருது?" என்றார் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர்.

"எஞ்சின் ஓடுனாத்தானே சத்தம் வரும்!"

"அதுக்கு ஒரு சைக்கிள வாங்கிருக்கலாமே."

களமே சிரித்தது. எரிச்சலோடு பைக் திருத்தும் பாஸுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இதுல காபரேட்டர் இல்ல. பொகைச் சட்டத்துக்காக மாத்திட்டாங்க. டேங்குல ஒரு மோட்டர் இருந்துதான் பெட்ரோல அடிக்குது. பெட்டரி செத்தா அதுவும் செத்துச்சு. நீங்க ஹட்டன் வரைக்கும் உருட்டுனாலும் ஸ்டார்ட் ஆகாது."

கெட்ட வார்த்தை வாய் வரை வந்தது. அதற்குள் அந்த அக்கா பெட்டியைத் திறந்து ஒரு பணிஸைக் கடித்துவிட்டார்.

"என்னா தம்பி, இன்னிக்கு பொகை வாசமே இல்ல?"

"இவ்வளவு நாளா இருந்துச்சா?"

"இருந்துச்சே. ஒங்க வீட்டு அடுப்பு அப்பிடின்னு நெனச்சிக்கிட்டோம்."

அடுப்பு இல்லை, பழைய பைக்கின் சைலன்சர். அது கக்கிய புகையெல்லாம் பின்னாலிருந்த பெட்டிக்குள்தான் போயிருக்கிறது. அக்கா இன்னும் இரண்டு எடுத்துக் கொழுந்துக் கூடைக்குள் வைத்தார். மற்றவர்களும் வந்தார்கள். கங்காணி வேலைக்குக் கூப்பிடும் முன்பே பெட்டி காலி.

கொழுந்து லொறியில் பைக்கை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலிப் பெட்டியைப் பார்த்து மனைவி சிரித்தாள். அக்கா சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"என் அடுப்பையா சொன்னாங்க? அந்தப் பாழாப்போன பைக்க அப்பவே விக்கச் சொன்னேனா இல்லையா?"

மறுபடியும் விளக்கை அணைக்காமல் தூங்கிவிடுவேன் என்று, இப்போது பொழுது சாய்ந்தால் புது பைக்கின் சாவி அவள் கையில்தான். பைக்கை நான் இன்னும் சரிவில்தான் நிறுத்துகிறேன். பிரயோசனம் இல்லை, தெரியும். இருக்கட்டும்.