தலைகீழாகப் போன பன்னிரண்டு வோல்ட்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, பொறியியல் படிப்பை முடித்த கையோடு வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டின் மாடி அறையில் தனிப் பெண்ணாகக் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள், பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். மூத்த மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலை முடிந்து வந்ததும் அவர் கீபோர்டு வாசிப்பது மாடிப்படி வழியாக என் அறைக்குக் கேட்கும். புது ஊரில் எனக்குப் பழகிய முதல் சத்தம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை அவருடைய தங்கைக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். நாலு மணிக்குத் தங்கை ஹாலுக்குள் நடந்து வரும்போது அக்கா வாசிப்பதாக ஏற்பாடு. ஒரு மாதமாக ஒரே பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார். அன்று காலை பார்த்து கீபோர்டின் அடாப்டர் செத்துப்போனது. பேட்டரி போடும் இடம் எப்போதோ துருப்பிடித்திருந்தது.

"கவலைப்படாதீங்க அக்கா, நானே செஞ்சு தரேன்" என்றேன். பவர் சப்ளை, பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கிய பாடம். எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடி டிரான்ஸ்ஃபார்மர், ஐந்தாறு டயோடு, கெப்பாசிட்டர், ரெகுலேட்டர் எல்லாம் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு சால்டரிங்கை ஆரம்பித்தேன்.

"இது எதுக்கு, டப்பா மாதிரி?" என்று கெப்பாசிட்டரைக் காட்டிக் கேட்டார் அக்கா.

"டயோடுலேந்து கரண்ட் மேடும் பள்ளமுமா வரும் அக்கா. இதுதான் சமமாக்கும். இல்லன்னா ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு இரைச்சல் கேட்கும்."

மீட்டர் வைத்தேன். துல்லியமாகப் பன்னிரண்டு வோல்ட். வீட்டிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் கீபோர்டில் செருகினேன். விளக்கு எரியவில்லை. லேசாகக் கருகின வாசனைதான் வந்தது.

கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், அடாப்டர் செருகும் இடத்தில் சின்னதாக ஒரு படம்: நடுமுனை மைனஸ். நான் வழக்கமான அடாப்டர் என்று நினைத்து நடுவில் பிளஸ் கொடுத்திருந்தேன். ஒயரை மாற்றிச் செருகியும் அசைவில்லை. மணி இரண்டரை.

"அக்கா, நான் எரிச்சுட்டேன்."

அக்கா கீபோர்டை அதன் துணியால் மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "போய் மூஞ்சி கழுவிட்டு புடவை மாத்திட்டு வா மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க" என்றார் என்னிடம்.

நாலு மணிக்குத் தங்கை வந்தபோது, அக்கா சுவரோரம் நின்று அந்தப் பாட்டை வாயாலேயே பாடினார். முதல் வரியில் குரல் நடுங்கியது. அடுத்த வரிக்கு அவர் அம்மா சேர்ந்துகொண்டார், பிறகு மாப்பிள்ளை வீட்டாரும். கீபோர்டு எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "அடாப்டர் கைவிட்டுடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். "திறந்து பாரு."

"வேண்டாம் அக்கா, கடையில குடுத்துடலாம்."

"கடைக்காரனுக்கு என்ன தப்பு ஆச்சுன்னு தெரியாது. உனக்குத் தெரியும் இல்ல?"

திறந்தேன். அடாப்டர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டயோடு மட்டும் செத்திருந்தது. என்னைப் போல் யாராவது பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால், அடியைத் தான் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்ற வைத்தது அது. எடுத்துவிட்டு, பையில் மிச்சமிருந்த புது டயோடைப் போட்டேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் செருகினேன். விளக்கு எரிந்தது. என் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுக்க வாசித்தார் அக்கா. துளி இரைச்சல் இல்லை.

அக்கா இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் பவர் சப்ளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். என் குழுவில் யாராவது ஒரு போர்டை எரித்துவிட்டு முகம் வெளிறி வந்து நிற்கும்போது எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அதே போர்டை அவர்கள் கையிலேயே திரும்பக் கொடுக்கிறேன், அப்படிக் கொடுப்பதற்கு அன்று அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டியிருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டே.