தேங்காயெண்ணெய் தடவிய பனிச்சறுக்கு

ஐம்பது தாண்டிய வயதில், மணாலிப் பக்கம் ஒரு பனிமலையில், சறுக்கப் பழக்கித் தர வந்த பையனிடம் "எனக்கு ஏற்கெனவே தெரியும்ப்பா" என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். என் அசட்டுத்தனங்களில் இதற்குத்தான் முதலிடம். புதிதாகப் பழகுகிறவர்களின் சரிவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மூக்கொழுகும் குழந்தைகளோடு வரிசையில் நிற்பது என் அனுபவத்துக்கு இழுக்கு என்று இன்னும் உயரத்துக்கு ஏறினேன். இறங்கியபோது ஒரு டீக்கடையின் பின்பக்கத் தட்டிதான் என்னைத் தடுத்து நிறுத்தியது.

நான் சொன்னது பொய்யில்லை. எழுபதுகளில், துபாயில், பத்து வயதில், நான் ஊரே கைதட்டச் சறுக்கியவள். பனியில் அல்ல என்பதை மட்டும் பையனிடம் சொல்லவில்லை.

அப்போது துபாயின் தேரா பகுதியில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான், எங்களோடு அம்மாவின் தம்பி. மாமாவுக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் படம் வரையும் வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார இன்ஜினியர், தன் மகனுக்குச் சிறிதாகிவிட்ட சறுக்குப் பலகைகளையும் பூட்ஸையும் மாமாவுக்குக் கொடுத்தார். மாமாவின் கால் அதில் நுழையவில்லை. என் கால் நுழைந்தது. அந்த ஒரு தகுதியை வைத்து, "கம்பெனி பிக்னிக்ல என் அக்கா பொண்ணு சறுக்கிக் காட்டுவா, சார்" என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிக்னிக்குக்கு மூன்று வாரம் இருந்தது.

பலகைகளோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்திருந்தது. அச்சில் வந்த எதையும் மாமா சந்தேகித்ததில்லை. புதியவர்கள் சாய்வு குறைந்த இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். பலகையின் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும்.

"சனி, ஞாயிறுன்னா நமக்கு வெள்ளிக்கிழமை" என்றார் மாமா. "மெழுகுன்னா நமக்குத் தேங்காயெண்ணெய்."

எல்லாவற்றையும் ஊருக்கு ஏற்ப மாற்றியவர், பனியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்.

அந்த நாளில் ஒரு மணிக்கு ஆபீஸ் மூடினால் மறுபடி நாலு மணிக்குத்தான் டூட்டி. துபாயே சாப்பிட்டுத் தூங்கும் அந்த இடைவேளையில் கம்பெனி பிக்கப் என்னை ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவைத் தாண்டும். மாமா தேர்ந்தெடுத்த மேடு, எருமை படுத்திருப்பது போல இருக்கும். கூட்டம் அறவே இல்லை. ஓர் ஒட்டகம் மட்டும் நின்று பார்த்தது. எண்ணெய் தடவிய பலகையில் மணல் அப்பி, ரவையில் புரட்டிய மீன் மாதிரி ஆனது. நான் முட்டியை மடக்கி நிற்பேன். நின்றுகொண்டே இருப்பேன்.

"மாமா, நகரவே இல்ல."

"பேலன்ஸ் வருதுல்ல? அதான் முக்கியம். யல்லா, இன்னொரு தடவை!"

மூன்று வாரம் இப்படி நின்றேன். இதற்குள் செய்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மாமா கம்பெனி அக்கவுண்டன்டின் மகன் என் வகுப்பு. "நீ உருள்றதப் பார்க்க எங்க வீட்ல எல்லாரும் வர்றோம்" என்றான். மாமாவின் மானமும் என் மானமும் ஒரே ஜோடிப் பலகையில் ஏறிக்கொண்டன.

பிக்னிக் லீவு நாளான வெள்ளிக்கிழமைதானே வரும்! ஹத்தா போகும் வழியில் இருந்த சிவப்பு மணல்மலைக்குப் போய்ச் சேர்ந்தால், சாய்வான பக்கம் முழுக்கப் பாய், பிரியாணி அண்டா, கால்பந்து, கைக்குழந்தைகள். கால் வைக்க இடமில்லை. காலியாக இருந்தது செங்குத்தான பக்கம் ஒன்றுதான்.

மாமாவுக்கு வியர்த்தது. "அக்கா, எண்ணெய் எங்க?"

"ஊர்லேர்ந்து வந்த ஒரு பாட்டிலையும் கட்டைக்குத் தேய்ச்சுத் தீர்த்துட்ட. இனி என் தலையில கைய வை" என்றாள் அம்மா. "டேய், பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உனக்கு இன்னிக்குச் சோறு மாஃபி, கிடையாது."

எண்ணெய் இல்லாத பலகையோடு உச்சியில் நின்றேன். கீழே அக்கவுண்டன்ட் குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மாமா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்: "முட்டிய மட்டும் மடக்கு பாப்பா. மத்தத நான் பாத்துக்கறேன்." எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்பதற்குள் தள்ளிவிட்டார்.

நகர்ந்தது! மூன்று வாரமாக நகராத பலகை, மலையே என் காலடியில் கரைவது போல நகர்ந்தது. வேறெதுவும் தெரியாததால் நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நின்றேன். காற்று காதில் கத்தியது, மணல் பல்லில் நெறுநெறுத்தது. மலையின் அடியில், சமதரையில், பலகை தானாக நின்றபோதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றினார். அக்கவுண்டன்ட் மகன் தன் பெப்சியை, பாதி குடித்ததுதான், என்னிடம் நீட்டினான். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாப் பாய்க்கும் போய், இடம் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையில் தண்ணீரை ஊற்றி மணலைத் தேய்த்து எடுத்தாள். நான் எவ்வளவு லாவகமாக வந்து நின்றேன் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். அம்மாவுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். டீக்கடைத் தட்டியில் மோதும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எங்கடி நின்ன?" என்றாள் அம்மா. "மணல்தான் உன்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. குனி, காதுல இன்னும் இருக்கு."