பெயரில்லாத பாதையில் பதினான்கு வீடுகள்

யூஜினா அமெரிக்காவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் லாம்பெர்ட் கவுண்டியில் எந்த ஓடை பெருகினால் எந்தப் பாலம் மூடப்படும் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லுவாள். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒன்று. அமெரிக்காவின் தெற்கே, சிவந்த மண்ணும் பைன் காடும், முன்னொரு காலத்தில் பருத்தி விளைந்து இப்போது மீன் குளமாகிவிட்ட வயல்களும் கொண்டது. பரப்பில் கொழும்பு மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. சனத்தொகை பதினோராயிரம்தான், கொழும்பு நகரில் கொட்டாஞ்சேனையின் ஒரு மூலைக்கும் காணாது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவின் புடைவைக் கடையொன்றின் மூன்றாம் மாடியில் அவளுடைய கந்தோர். அங்கிருக்கும் இருபது பேர் அமெரிக்க அவசர அழைப்பு நிலையங்களுக்கு வரைபடம் திருத்துகிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பாதையின் பெயரும் இலக்கமும் போட வேண்டும். அங்கே யாருக்காவது நெஞ்சு அடைத்தால் அம்புலன்ஸ் சாரதி பார்ப்பது இந்த வரைபடத்தைத்தான். ஐந்து வருடமாக லாம்பெர்ட் கவுண்டி யூஜினாவின் பொறுப்பு. நாற்பத்து மூன்று வயது, கலியாணம் முடிக்கவில்லை, தாயோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். காலையில் கோட்டைக்கு பஸ், அங்கிருந்து கடலோர ரயில். மேற்பார்வையாளர் ரிப்கான் அவளைவிடப் பத்து வயது இளையவர். வருகிற மாதம் அவளைக் குழுத் தலைவியாக்கச் சொல்லி மேலே எழுதியிருந்தவரும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை கவுண்டியிலிருந்து முறைப்பாடு வந்தது. ஹோலிஸ் பெட்டவே என்ற அறுபத்தொரு வயது மனிதருக்குப் பாரிசவாதம். மகள் அழைத்திருக்கிறாள். அம்புலன்ஸ் வந்து சேர நாற்பத்தொன்பது நிமிடம். ஆள் பிழைத்துவிட்டார், வலப்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. வரைபடத்தில் பிழை உண்டா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதோடு கோப்பு மூடப்படும்.

அழைப்பின் எழுத்துப் பிரதியும் கூடவே வந்திருந்தது. நிலையத்தார் திரும்பத் திரும்ப முகவரி கேட்கிறார்கள். மகள் திரும்பத் திரும்ப வழி சொல்கிறாள்: சிவப்புத் தபால்பெட்டி தாண்டி, இடிந்த பஞ்சுக் கிடங்கில் இடப்பக்கம் திரும்பி, வெள்ளைக் கோயில் தெரியும்வரை வாருங்கள்.

யூஜினா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அவளும் முச்சக்கரவண்டிக்காரனுக்கு இப்படித்தான் வழி சொல்கிறாள்: பேக்கரிக்கு எதிர் ஒழுங்கை, பொதுக்குழாய் மட்டும் வாங்க. கொட்டாஞ்சேனையில் அவள் இருக்கும் தோட்டத்தில், அதாவது ஒரே வளவுக்குள் நெருக்கிக் கட்டிய குடியிருப்பில், முப்பத்தெட்டு வீடு. அத்தனைக்கும் ஒரே இலக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் தரும்படி மாநகரசபைக்கு இரண்டு தரம் எழுதியும் பதில் இல்லை. கடிதமெல்லாம் மூலைக்கடையில் குவியும்.

மகள் சொன்ன வழியிலேயே படத்தில் போய்ப் பார்த்தாள். ஆற்றின் வளைவுக்குள் பதினான்கு கூரைகள், கொடியில் துணி, ஒரு வெள்ளைக் கோயில், பக்கத்தில் கல்லறைகள். நடுவே மண்பாதை. வரைபடத்தில் அந்த இடம் வெறும் வயல். பாதையை யார் அழித்தது என்று பழைய பதிவைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை. அழித்தவரின் குறியீடு அவளுடையது.

விதிப்படிதான் அழித்திருந்தாள். ஒரே உறுதிப்பத்திரத்தில் உள்ள காணிக்குள் ஓடும் பாதை சொந்தப் பாதை; உரிமையாளர் அதற்கொரு பெயர் பதியாவிட்டால் நீக்கிவிடலாம். விதி நேர்மையாகத்தான் தோன்றும், அந்தக் காணியின் கதை தெரியாதவரைக்கும். கவுண்டியின் பழைய ஆவணங்களில் அந்தக் கதை இருந்தது. அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள், வெள்ளம் ஏறும் என்று யாரும் தொடாத நிலத்தைச் சேர்ந்து வாங்கினார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் தங்கள் கையாலேயே கட்டினார்கள். உறுதி எழுதும் கந்தோர் அவர்களை மதித்ததில்லை. அவர்களும் அதன் வாசலை நம்பியதில்லை. நிலம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வாய்ச்சொல்லில் கைமாறியது. இறந்துபோன ஒருவரின் பெயரில் இன்னமும் ஒரே உறுதி. பதினான்கு வீடுகளுக்கும் உரிமையாளர் அந்த இறந்தவர்தான். நான்கு மைலுக்கு அப்பால், பழைய பருத்தி முதலாளியின் ஒற்றை மாளிகைக்குப் போகும் ஓக்மரச் சாலைக்கு அழகான பெயரும் இலக்கமும் இருந்தன. முதலாளியின் வாரிசு பணம் கட்டிப் பதிந்திருந்தார். மாளிகை பூட்டிக் கிடந்தது.

ரிப்கான் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, விதிப்படி எங்கட பிழை இல்ல. அதையே எழுதி அனுப்புங்க. சும்மா ஏன் கரச்சல்?”

“விதி எழுதினவன் ஒரு பிழை விட்டவன். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து நான் ஒரு பிழை விட்டனான். ரெண்டையும் எழுதுறன்.”

“குழுத் தலைவி?”

“அது நீங்க பாத்து.”

“லாம்பெர்ட்டில எலக்ஷன் கேக்கிற ஐடியாவோ?”

“எங்கட தோட்டத்திலயே முப்பத்தெட்டு வீட்டுக்கு ஒரு நம்பர். முதல்ல அங்க கேக்கிறன்.”

ரிப்கான் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அறிக்கையைத் தனக்கும் காட்டச் சொன்னார்.

அன்று வீட்டில் தாய் கதையைக் கேட்டுவிட்டு, அந்த மனிதருக்காகப் புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தப் போவதாகச் சொன்னாள். வரைபடத்தில் இல்லாத ஒழுங்கைக்கு அந்தோனியாரும் வழி விசாரித்துத்தான் போகவேண்டும் என்றாள் யூஜினா. தாய் கோபத்தில் இரண்டு நேரச் சாப்பாட்டுக்கும் அவளோடு கதைக்கவில்லை.

வியாழக்கிழமை அறிக்கை போனது. நான்கு பக்கம். வானத்துப் படம், கோயிலும் பள்ளிக்கூடமும் குறித்த எண்பது வருடப் பழைய வரைபடம், மகளின் அழைப்பு, கடைசியில் தன் குறியீடு. இதே விதியால் கவுண்டியில் அழிக்கப்பட்ட இன்னும் ஒன்பது பாதைகளின் பட்டியலையும் சேர்த்திருந்தாள். ரிப்கான் வாசித்தார், ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து மேலிடத்தின் முடிவு வந்தது. குழுத் தலைமைப் பதவி பக்கத்து மேசைக் கிஷாந்துக்கு. யூஜினா மாத முடிவோடு வேறு திட்டத்துக்குப் போகவேண்டும். கோல்ஃப் மைதானங்களின் புல்லுக்கு எல்லை வரைகிற வேலை. அவள் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மாதத்தின் கடைசி நாள் ரிப்கான் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கவுண்டியின் கடிதம் திரையில் இருந்தது. விதியை மாற்றிவிட்டார்களாம், பத்துப் பாதைகளும் திரும்ப வருகின்றன. ஆற்று வளைவுக்காரர்களிடம் என்ன பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதினான்கு வீட்டாரும் கையொப்பமிட்ட தாள் இணைக்கப்பட்டிருந்தது. பெட்டவேயின் கையொப்பம் கோணலாக இருந்தது, இடக்கையால் போட்டிருப்பார். பெயர்: சிஸ்டர் லூ றோட். அங்கே முதல் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியை அவர். நூறு வருடமாகத் தாங்கள் இப்படித்தான் சொல்லி வருவதாகக் கீழே ஒரு வரி இருந்தது.

“இதை நீங்களே போடுங்க அக்கா,” என்று எழுந்து இடம் விட்டார் ரிப்கான். “திங்கள்லயிருந்து புல்லுத்தானே.”

யூஜினா பாதையை வரைந்தாள். பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். இடப்பக்கம் ஒற்றை எண், வலப்பக்கம் இரட்டை எண். பெட்டவே வீட்டுக்கு 212. போட்டு முடித்தபின் சோதனை ஓட்டம் பார்ப்பது வழக்கம். அம்புலன்ஸ் நிலையத்திலிருந்து 212ஆம் இலக்கத்துக்கு வழி கேட்டாள். ஒரு நீலக்கோடு சிவப்புத் தபால்பெட்டியைத் தாண்டி, பஞ்சுக் கிடங்கில் இடப்பக்கம் திரும்பி, கோயிலைக் கடந்து, ஒரு வாசலில் போய் நின்றது.

பதினொரு நிமிடம் என்றது திரை. மற்றப் பதின்மூன்று வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.