பன்னிரண்டாவது ஆணி

அந்தக் கழுதை அகப்பட்டுவிட்டது!

எந்தக் கழுதை என்கிறீர்களா? இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் வரிந்துகட்டிக்கொண்டு திட்டினேனே... "உயிரோடு நிற்கிற மரத்தில் ஆணி அடித்த கழுதை எவன்?" என்று. அந்தக் கழுதைதான்.

அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பர்மாவில், பசுந்தாங் கால்வாய்க் கரையில் ஒரு மரமில்லில் குமாஸ்தா. அங்கே வட்ட ரம்பம் ஓட்டுகிற மிஸ்திரியின் பெயர் வீராசாமி. ஒருநாள் அவர் தேக்குக் கட்டை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, எந்தக் காலத்திலோ எவனோ அடித்த ஆணி ஒன்று உள்ளே இருந்து ரம்பத்தில் மாட்டியது. ரம்பத்தின் பல் தெறித்து, அவருடைய வலது காதை உரசி, தலைப்பாகையைக் கிழித்துக்கொண்டு தகரக் கூரையில் போய்க் குத்தி நின்றது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால் வீராசாமி வீட்டில் அன்றைக்கு இழவு விழுந்திருக்கும்.

மரம் வளர வளர ஆணியை விழுங்கிவிடும். வெளியே வடு கூடத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் பேனாவை மையில்தான் தோய்த்தேனா, மிளகாய்ப்பொடியில் தோய்த்தேனா என்று தெரியவில்லை. லத்தாவிலிருந்து தின்கன்ஜூன் வரைக்கும் ஊர் முழுக்க 'சபாஷ்' என்று கடிதம் எழுதினீர்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

சரி, போன வாரத்துக்கு வருவோம்.

என் சிநேகிதர் சவரிமுத்து ரயில்வேயில் ஃபிட்டர். அவரிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதற்கு லைசென்ஸும் இருக்கிறது. அது இதுவரை எதையும் கொன்றதில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறேன், நீரும் வாரும் என்று கூப்பிட்டார். சனிக்கிழமை காலை பெகு லைன் ரயிலில் ஏறி, ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, நடையாய் நடந்து காட்டுக்குள் போய்ச் சேர்ந்தோம்.

சர்க்கார் காடு அது. சீட்டு இருந்தால் யாரும் போகலாம். போகிறவர்கள் மரக்கவட்டில் மூங்கிலைப் பரப்பி, பிரம்பால் இழுத்துக் கட்டி, பரண் போட்டு உட்காருவார்கள். திரும்பும்போது கட்டை அவிழ்த்துவிட்டால் மரம் பழையபடி நிற்கும். அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

நமக்கு அது போதுமா? நான் மில் குமாஸ்தா அல்லவா! பிரம்பை நம்பி ஆகாயத்தில் உட்காருவேனா? ஸ்டோரில் கேட்டு வாங்கிய ஆறங்குல ஆணி ஒரு டஜன் என் பையில் இருந்தது.

பன்றி புரளும் சேற்றுக்குழிக்குப் பக்கத்தில் ஓர் அத்தி மரத்தைக் காட்டினார் சவரிமுத்து.

"ஓய், அதுல நல்ல கவடு இருக்கு. அதுலயே கட்டிருவோம்."

"அத்தி முறியும்வே. இதப் பாரும், நூல் பிடிச்ச மாதிரி நிக்குது! பதினெட்டு வருஷமா மரத்தோட மாரடிக்கிறவன் சொல்றேன்."

"இது என்ன மரம்?"

"ஏதோ காட்டு மரம்."

இந்த 'ஏதோ காட்டு மர'த்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் அடியில் சுளகு சுளகாகச் சருகு கிடந்தது. பன்றி மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கேட்கும் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். முன்பக்கத்துக்கு இரண்டு மூங்கில் தூண்கள். பின்பக்கத்தை மரத்தோடு சேர்த்து ஆணி. பன்னிரண்டையும் நானே அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் காடு முழுக்க எதிரொலித்தது. பன்றிக்கு அழைப்பிதழ் வைத்தாயிற்று என்றார் சவரிமுத்து.

மறுநாள் விடியும்போது இரண்டு பேரும் மேலே இருந்தோம். பரணில் உட்காருவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்கிறேன்: இருமக்கூடாது, சொறியக்கூடாது, வெற்றிலை துப்பக்கூடாது. மூன்றும் கூடாது என்ற உடனே மூன்றும் சேர்ந்து வரும்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. சருகு நொறுங்கியது...

வந்துவிட்டது! தந்தமும் பிடரி மயிருமாக ஒற்றை ஆண் பன்றி. சவரிமுத்து துப்பாக்கியைத் தூக்கினார்.

டொக்! டொக்! டொக்!

எங்கள் மரத்தை யாரோ கீழேயிருந்து தடியால் தட்டினார்கள். பன்றி போன திசை தெரியவில்லை.

"மேலே யாரு? எறங்குங்க!"

எட்டிப் பார்த்தால் காக்கிச் சட்டையும் லுங்கியுமாகக் காட்டுக் காவலர். பெயர் ஊ பா தின் என்று பிறகு தெரிந்தது. பேச்செல்லாம் பர்மியில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

இறங்கியதும் சவரிமுத்து சீட்டை நீட்டினார். காவலர் அதைப் பார்க்கவே இல்லை. ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மரம்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

அடியில் முளைத்திருந்த கன்றிலிருந்து ஒரு கொழுந்து இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "கசக்குங்க."

கசக்கினேன். கோழி அறுத்தவன் கை மாதிரி உள்ளங்கை சிவந்துபோயிற்று. அன்றைய வேட்டையில் நாங்கள் பார்த்த சிவப்பு அது ஒன்றுதான்.

"தேக்கு" என்றார் அவர். "சர்க்கார் மரம். இதுக்குக் காயம் பண்ணினா கேஸ். நீங்க என்ன வேலை?"

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். தேக்கு மில்லில் குமாஸ்தா.

மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சிரித்தார். சவரிமுத்துவும் கூடச் சேர்ந்துகொண்டாரே, அந்தத் துரோகத்தை மறக்க மாட்டேன்!

நாளுக்கு நூறு தரம் 'தேக்கு' என்று எழுதுகிறவன் நான். ஆனால் எனக்குத் தெரிந்த தேக்கெல்லாம் கையும் காலும் வெட்டப்பட்டு, ஆற்றில் மிதந்து வந்தது. இலையோடும் கிளையோடும் நின்றால் யார் கண்டது? ஏன், அரிசி மில் கணக்கப்பிள்ளையைக் கொண்டுபோய் வயலில் விட்டுப் பாருங்களேன். எது நெல், எது புல் என்று அவர் சொல்லிவிட்டால் என் காதை அறுத்துக்கொள்கிறேன்.

சிரிப்பு நின்றதும் ஊ பா தின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தேக்கைக் காயப்படுத்தியதற்காகத் தேக்கு மில் குமாஸ்தா மேல் கேஸ் என்றால் எங்கள் மானேஜர் துரை என்னை ஒரு நிமிஷம் வைத்திருப்பாரா? பதினெட்டு வருஷ வேலை!

"எல்லா ஆணியையும் பிடுங்குங்க, சயா" என்றார். குமாஸ்தா என்றால் இங்கே சயாதான். "ஒண்ணு உள்ளே நின்னாலும் எழுதிடுவேன்."

சுத்தியலின் கவையைக் கொடுத்து இழுத்தேன். லேசில் வருமா? 'ஆணியை விடாப்பிடியாகப் பிடிக்கும் எங்கள் தேக்கு' என்று மில்லின் விலைப்பட்டியலில் எழுதியவனே நான்தான்! பரணைப் பிரித்துப்போட்டு, மூங்கில் ஏணியில் நின்றுகொண்டு, உச்சி வெயில் வரைக்கும் இழுத்தேன். கை கொப்பளித்தது. பதினொன்று வந்தன. பன்னிரண்டாவது... தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது.

முறிந்த தலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, பதினொன்றையும் அவர் முன்னால் வைத்தேன்.

"மொத்தம் எத்தனை அடிச்சீங்க?"

சவரிமுத்து அவருக்குப் பின்னால் நின்று கண்ணைச் சிமிட்டினார். விரலால் 'பதினொன்று' காட்டினார். சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். வாய் கூடத் திறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வீராசாமியின் காது ஞாபகத்துக்கு வர வேண்டுமா?

"பன்னிரண்டு" என்றேன். இடுப்பிலிருந்து அந்தத் தலையை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ரம்பத்தின் கதையையும் வீராசாமியின் கதையையும், நான் பத்திரிகையில் திட்டி எழுதினதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஏணியில் ஏறித் துளையைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து நோட்டைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார், மூடிவிட்டார்.

"இந்த மரத்தை வெட்ட இன்னும் அம்பது வருஷம் ஆகும். அதுக்குள்ளே என் நோட்டைக் கரையான் தின்னுரும். கேஸ் எழுதி ஆணி வெளியே வருமா? நீங்க பத்திரிகையிலே எழுதற ஆளு. திட்டினீங்களே, அதே எடத்திலே இதையும் எழுதுங்க, சயா. அதுதான் தண்டனை."

"சரிங்க" என்றேன். தப்பித்தோம் என்று சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார்.

தப்பித்தேனா? மானேஜர் துரைக்குத் தமிழ் தெரியாது. யாராவது போய்ச் சொன்னால் தெரியத்தான் போகிறது. அது கூடப் பெரிதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீராசாமிக்கு, வாராவாரம் டீ நேரத்தில் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுகிறவன் யார் தெரியுமா? நானேதான். நாளைக்கு இதையும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். ரம்பத்தின் பல் விட்டுவைத்த அந்தக் காதால் அவர் கேட்பார். அப்புறம் அவர் பாடு, என் பாடு.

இன்னும் ஒரு ஆளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகையால் இந்தத் தாளில் வடை மடிக்காமல் யாராவது பத்திரமாக வைத்திருந்து அவனிடம் கொடுங்கள்.

பசுந்தாங்கில் ரம்பம் ஓட்டப்போகிற தம்பி! பெகு லைன் தேக்கு, நெட்டைக் கட்டை, தெற்குப் பக்கம், அடியிலிருந்து பதினான்காவது அடி... பார்த்து அறுடா, ராஜா.