மைமூனின் கப்பல் கதை

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைகளைத் தாண்டிக் காய்கறிப் பக்கம் திரும்பும் மூலைதான் மைமூன் பீவியின் இடம். முன்னால் ஓர் அம்மி. பக்கத்தில் வாழையிலை மேல் உருண்டை உருண்டையாக அரைத்த மசாலா, மீனுக்கு ஒன்று, ஆட்டுக்கறிக்கு ஒன்று. மலாய்க்காரிகள், நோன்யா என்கிற மலாய்ச் சீனப் பெண்கள், நம்மவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். பாதி மசாலாவுக்காக, பாதி அவள் பேச்சுக்காக.

அந்தப் பேச்சில் பேர்போனது கப்பல் கதை. கலியாணமான கையோடு கணவர் ஹனீபா, "ஒரு வருஷம்தான், வந்துடுவேன்" என்று கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார். பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் வந்தான், போனான். பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அவளுக்குக் கப்பல் டிக்கெட் வந்தது. துறைமுகத்தில் பெட்டியோடு நின்றவளை ஹனீபா தாண்டிப் போய், பின்னால் வந்த ஒரு கிழவியிடம், "மைமூனா?" என்று கேட்டார்.

"கிழவி மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா, இந்நேரம் அவதான் இங்க மசாலா அரைச்சிக்கிட்டிருப்பா லா" என்று சிங்கப்பூர் 'லா' போட்டு மைமூன் முடிப்பாள். கூட்டம் சிரிக்கும். அவளும்தான். வருஷக்கணக்காக இதே கதை, இதே சிரிப்பு.

1961இல் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே ஹனீபா சொன்னார், புருணையில் எண்ணெய்க் கம்பெனி மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த வாரம் கப்பல். "ஒரு வருஷம்தான்" என்றார்.

"சரி மச்சான்" என்றாள் மைமூன்.

அவள் எதற்கும் சொல்லும் சொல் அது. கோபமா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லையென்று சாதித்திருப்பாள். மனசில் ஏதாவது கிளம்பினால் இன்னும் இரண்டு பிடி மிளகாயை அம்மியில் இழுத்துப் போடுவாள். அரைத்து முடிப்பதற்குள் அது போயிருக்கும். போய்விட்டதாக அவள் நினைப்பாள்.

மறுநாள் காலை அம்மி கொத்துகிறவர் வந்து தேய்ந்துபோன கல்லைக் கொத்திவிட்டுப் போனார். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டைப் போட்டு அரைத்து, அதைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கல் தூள் மசாலாவில் கலந்துவிடும். மைமூன் எத்தனையோ முறை செய்த வேலைதான். அன்று கைக்குப் பொறுமையில்லை. தவிட்டை எடுக்காமலே மிளகாயை இழுத்துப் போட்டு அரைத்தாள். அந்த மசாலா சிராங்கூன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கோவிந்தசாமியிடம் போனது. அங்கிருந்து ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு.

மறுநாள் கோவிந்தசாமி வந்து நின்றார்.

"அக்கா, மாப்பிள்ளையோட மாமாவுக்குப் பல்லு உடைஞ்சு போச்சு."

"என் மசாலாவுலயா?"

"கறியில கல்லு போட்டது நான்தானேன்னு சபையில வச்சுக் கேக்குறாங்க. ரோடு போடுற ஜல்லிய வாங்குனியான்னு கேக்குறாங்க."

மைமூன் அம்மியைத் தடவிப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. "தவிடு போட மறந்துட்டேன் தம்பி" என்றாள்.

"நீயா மறந்தே?" கோவிந்தசாமிக்கு அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. "சரி விடு. பாதிப் பல்லுதான், ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்ததாம். அந்தக் கப்பல் கதையச் சொல்லு, சிரிச்சுட்டாவது போறேன்."

"துறைமுகத்துல நிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். "பெட்டியோட நிக்கிறேன். அவரு வர்றாரு. என்னப் பாக்குறாரு. பாத்துட்டு..."

அதோடு நின்றுவிட்டது. கோவிந்தசாமி சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மூடிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்.

கை மிளகாய்ச் சட்டிக்குப் போனது. மைமூன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே ஏதோ எரிந்தது. எழுந்து போகலாம், யாரையாவது வம்புக்கு இழுக்கலாம். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பெட்டியோடு நின்றவள் இத்தனை வருஷமாக அங்கேயே நிற்கிறாள் என்று தோன்றியது. சிரிக்கத் தெரிந்தவள் மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

வீட்டில் ஹனீபா தகரப் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பொத்தான் தச்சுக் குடு புள்ள."

"மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உடம்பு சரியில்லயா?"

"கோபமா இருக்கேன்."

"யாரு மேல?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"இப்ப என்ன நடந்துடுச்சு?"

"இப்ப இல்ல மச்சான். கப்பல்லேர்ந்து எறங்குனேனே, அப்ப."

"அத நீதானே ஊரு பூரா சொல்லிச் சிரிச்சே?"

"சிரிச்சா போயிடும்னு நெனச்சேன். போகல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ஹனீபா சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வேணும்னா போகலன்னு சொல்லிடவா?" என்றார், அவளுக்காக ஏதோ விட்டுக்கொடுப்பவர்போல.

வேணாம் மச்சான், போயிட்டு வாங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை வெளியே விடவில்லை.

"போகாதீங்க" என்றாள்.

புருணைக் கப்பல் போனது. ஹனீபா போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகப் பேசவும் இல்லை. தட்டை நங்கென்று வைத்தார், கதவை இழுத்துச் சாத்தினார். மைமூனுக்கும் எரிச்சல் அடங்கவில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சு போதும், வீடு பழையபடி ஆகிவிடும். அவள் பேசவில்லை.

மார்க்கெட்டில் கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, தவிடு போட்டாச்சா?"

"போட்டு அரைச்சுக் கொட்டியாச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? சிரிப்பக் காணோமே."

"இன்னிக்கு வரல தம்பி" என்றாள் மைமூன். "மசாலா இருக்கு. எவ்வளவு வேணும்?"