வக்கீல் வீட்டு நாயின் சொறி

பாலக்கரையில் நானும் அம்மாவும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு வக்கீல். அவரும் மனைவியும் முன்கட்டில், நாங்கள் பின்கட்டில். ஐம்பதுகளின் கடைசியில், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவரிடமிருந்து அவர் ஓர் அல்சேஷன் நாயை வாங்கினார். அதன்மேல் அவருக்குப் பிரியம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. முன்தாழ்வாரத்தில் அப்படி ஒன்று படுத்திருந்தால் கட்சிக்காரர்களுக்குத் தன்மேல் மரியாதை கூடும் என்று நம்பினார். “வெள்ளைக்காரன் வளர்த்த நாய்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த டிரைவர் பிறந்து வளர்ந்தது இதே ஊர்ப் பொன்மலை ரயில்வே காலனியில்.

மூன்றாவது மாதம் நாய் சொறிய ஆரம்பித்தது. முதலில் பாதங்களை நக்கியது. பிறகு அடிவயிற்றைக் கடித்தது. முடி உதிர்ந்து தோல் சிவந்து, தொடையிடுக்கில் நீர் கசிந்தது.

வக்கீலிடம் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை. உப்பு ஆகாது என்றார். ஒரு மாதம் நாய் உப்பில்லாத சோறு தின்றது. கறி சூடு என்றார், மோர்சாதம் தின்றது. பஸ் ஷெட்டிலிருந்து கறுத்த என்ஜின் ஆயிலை வாங்கிவரச் செய்து தடவினார். அதற்கும் மசியாததால் மண்ணெண்ணெய். நாய் ஊளையிட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடியதைப் பார்த்து, “மருந்து வேலை செய்யுது” என்றார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு சாட்சிகளைப் பார்த்தும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“எல்லாம் கிருமி டீச்சர். தரையிலேர்ந்து ஏறுது” என்று என்னிடம் விளக்கினார். அதனால் தினமும் காலையில் அவர் மனைவி தாழ்வாரத்தைக் கழுவும் பினாயில் இரண்டு மடங்கானது. வாளித் தண்ணீர் பால்போல் வெளுக்கும். அந்த ஈரம் காயும் முன்பே நாய் அதில் படுத்துக்கொள்ளும்; சங்கிலி தாழ்வாரத்துத் தூணில்தான் கட்டியிருந்தது.

அவரை மட்டும் ஏளனம் செய்தால் நியாயமாகாது. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞானமும் சுகாதாரமும் நடத்திக்கொண்டிருந்தேன். “நீங்க சயின்ஸ் படிச்சவங்க, சொல்லுங்க” என்று அவர் ஒருநாள் கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, “வேப்பெண்ணெயில கந்தகம் குழைச்சுத் தடவுங்க” என்றேன். குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். தடவியதையெல்லாம் நாய் நக்கித் தின்று இரண்டு நாள் வாந்தி எடுத்தது. மறுநாள் வகுப்பில் நான் தோலின் பணிகளைக் கரும்பலகையில் அழகாக எழுதிப்போட்டேன்.

அந்தக் கோடையில் மகளின் பிரசவத்துக்காக வக்கீலும் மனைவியும் ஒரு மாதம் மெட்ராஸ் போனார்கள். நாய் எங்கள் பொறுப்பில் வந்தது. பள்ளி விடுமுறை. அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். குதிரைவண்டிக்காரர் நாயைப் பார்த்ததும், “இதையெல்லாம் ஏத்த மாட்டேங்க” என்று வண்டியைத் திருப்பிவிட்டார். வெயிலில் நடந்தே போனோம்.

அங்கே மண்ணச்சநல்லூர்ப் பக்கமிருந்து காளையோடு வந்த விவசாயி ஒருவர் எங்களுக்கு முன்னால் காத்திருந்தார். நாய் மல்லாந்து படுத்ததும் வயிற்றை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, இது படுக்கிற எடத்துல எதையாச்சும் கொட்டுறீங்களா?”

“பினாயில் விட்டுக் கழுவுறாங்க.”

“அதான். முதுகு சுத்தமா இருக்கு பாருங்க. தரையில படுற எடம் மட்டும்தான் வெந்திருக்கு. தொழுவத்துல சுண்ணாம்பு கொட்டினப்ப எங்க கன்னுக்குட்டிக்கும் இப்படித்தான் ஆச்சு.”

அவர் பள்ளிக்கூடமே போனதில்லையாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விவசாயி சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். அவர் தோலை மெல்லச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். “சொறிப்பூச்சி இல்லீங்க. அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. பினாயிலை நிறுத்துங்க. வெறும் தண்ணியில கழுவி, விரலிடுக்கைத் துடைச்சுக் காயவிடுங்க. அரிப்புக்கு மாத்திரை தரேன். மேல எதையும் பூசாதீங்க. பூசினதெல்லாம் வயித்துக்குள்ளதான் போகும்.”

அவ்வளவுதான் வைத்தியம். பின்கட்டில் அம்மாவின் பழைய நூல்புடவையை மடித்துப் போட்டேன். அரிப்பு எடுக்கும்போது ஈரத்துணியை வயிற்றில் ஒற்றினேன். நான்காம் நாள் கடிப்பது குறைந்தது. மூன்றாம் வாரம் சிவந்த தோலில் முடி அரும்பியது.

வக்கீல் திரும்பி வந்து வயிற்றைப் பார்த்தார். “நான் மெட்ராஸ்லேர்ந்து தபால்ல அனுப்பின ஹோமியோபதி மாத்திரை. அப்பவே சொன்னேன்ல.”

அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. எடுத்துக் காட்டினேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“மாட்டு டாக்டரா சொன்னாரு?” என்று சிரித்தார். “பினாயில் வாசனை இல்லாத வீட்டுக்குள்ள கௌரவமான கட்சிக்காரன் உட்காருவானா டீச்சர்?”

மறுநாள் வாளி வெளுத்தது. பத்தே நாளில் நாய் மறுபடி பாதத்தை நக்கத் தொடங்கியது. நேராக அவரிடம் போய், “நாயை எனக்குக் குடுத்துடுங்க” என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. நாயா பினாயிலா என்று வந்தபோது பினாயிலைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் வாடகை வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்றும் சொன்னார். சட்டம் தெரிந்தவர் அல்லவா? எடமலைப்பட்டி புதூரில் மண்வாசல் உள்ள ஒரு சிறிய வீட்டைப் பிடித்தோம். அங்கே அந்த நாய் எட்டு வருஷம் இருந்தது. மழைக்காலத்தில் உண்ணி கடித்து வால் அடியில் அரிக்கும். மயிரை விலக்கிப் பார்த்து எடுத்துவிடுவேன்.

நாங்கள் சாமான் ஏற்றிய அன்று, அவர் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், வக்கீலின் மனைவி பின்கட்டுக்கு வந்து சங்கிலியை என் கையில் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம்.

“அதுக்கு எதனாலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்” என்றார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கினார். விரலிடுக்குகள் சிவந்து, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. “மெட்ராஸ்ல ஒரு மாசம் இருந்தேனா, ஆறிடுச்சு. வந்ததும் திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சு.”

“சொல்லக் கூடாதா நீங்க?”

“சொன்னேன். உப்பைக் குறைக்கச் சொன்னாரு.”