முழங்கையால் ஓடிய வார்டு

பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் இரண்டாம் மாடி வார்டை அனுசுயா என்கிற நர்ஸ் ஒருத்தியே தாங்கிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது.

அண்ணனூர்க்காரி. தாத்தா வயலில் குனிந்தார், அப்பா லேத் பட்டறையில் குனிந்தார். நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்று ஊசி போடுகிற முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

வார்டுக்கு மென்பொருள் எழுதியவன் பூந்தமல்லி வசீம். அதற்கு முன் வங்கிகளுக்கு எழுதியவன், வார்டையும் லாக்கர் அறை என்றே நினைத்துவிட்டான். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும். மறுபடி திறக்கக் கையுறையைக் கழற்றி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அதற்குள் நோயாளி வாந்தி எடுத்து முடித்து வாயும் கொப்பளித்துவிடுவார்.

வார்டு வேறு வழி கண்டுபிடித்தது. காலையில் யாராவது அனுசுயா பெயரில் உள்ளே நுழைவார்கள். பிறகு அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம், பால் பொங்காமல் பார்ப்பது போல, திரையை முழங்கையால் ஒரு இடி. பெருக்க வரும் சாமுண்டீஸ்வரிகூட இடித்துவிட்டுத்தான் போவாள். டூட்டி மாறினாலும் பெயர் மாறாது; யார் எதைச் செய்தாலும் அனுசுயா கணக்கில்தான் ஏறும். ஏன் அனுசுயா பெயர் என்றால், அவளுடைய கடவுச்சொல்தான் யாருக்கும் மறக்காது: நிர்வாக அதிகாரி பார்த்தசாரதியின் பெயர், பின்னால் ஒரு எண்ணும் குறியும், முன்னால் ‘லூசு’.

அனுசுயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் நிச்சயதார்த்தம். லீவு கேட்டுப் போனாள்.

“நீயா? லீவா?” பார்த்தசாரதி திரையைத் திருப்பிக் காட்டினார். “காலைல நீ, ராத்திரி நீ. ஊசி நீ, டிரிப்ஸ் நீ. மத்ததுங்க இன்னா பண்ணுதுங்க, தாயமா ஆடுதுங்க? இந்தப் பொண்ணு இல்லேன்னா வார்டே படுத்துடும்னு முதலாளிக்கே எழுதிட்டேன்மா.”

உண்மையைச் சொன்னால், ஒருத்தி பெயரில் இன்னொருத்தி நுழைந்ததற்காக எல்லோருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் நிச்சயதார்த்தம் போகும். மாப்பிள்ளை நாகேந்திரன் வீட்டார் ஒருமுறை தேதி மாற்றியதற்கே முறைத்தவர்கள்.

கூட வேலை பார்க்கும் ஷாகிதா சிரித்தாள். “இன்னாடி அழுவுற? உன் பெட்டுங்களயெல்லாம் நானு பாத்துக்கிறேன். நீ போய் மாலைய போட்டுக்கினு குந்து. உன் பேருதான் எப்பவும் இங்கயே கீதே!”

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றும் நேரத்தில் போன் அடித்தது. பார்த்தசாரதி.

“எங்கம்மா கீற?”

“வார்டுலதான் சார். கம்ப்யூட்டர பாருங்க.”

“பாத்துட்டுதான் பேசுறேன். இப்பதான் நாலாம் பெட்டுக்கு பிபி பாத்துகீற. இன்னா அங்க மேள சத்தம்?”

“எதிர்ல கோயில் சார்.”

“செரி, உடனே என் ரூமுக்கு வா. முதலாளி வந்துகீறாரு, உன்ன பாக்கணுமாம்.”

எதிரே மாமியார் ஆகப்போகிறவள் தட்டோடு நின்றாள். இதற்குமேல் புளுக நேரமில்லை.

“சார், பிபி பாத்த அனுசுயாவ வேணா அனுப்ப சொல்றேன். நான் சேக்காட்ல மாலையோட கீறேன்.”

போனை வைத்துவிட்டு, பூ வைக்கத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

மறுநாள், வேலை போயிற்று என்றே வந்தாள். போகவில்லை. அந்த வார்டைத் தாங்கும் ஒரே தூண் என்று எழுதியவர் பார்த்தசாரதி. அந்தத் தூணையே பிடுங்கிவிட்டு முதலாளிக்கு என்ன சொல்வது? போதாக்குறைக்கு, “அந்தப் பொண்ணு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு சார்” என்று அவரும் ஞாயிறன்று புளுகியிருந்தார்.

கோபமெல்லாம் வசீம் மேல் திரும்பியது. வரவழைத்துக் கையுறை மாட்டி வார்டில் உட்கார வைத்தார். மத்தியானத்துக்குள் அவனே முழங்கையால் இடிக்க ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணாத்தே, இத கையால எழுதுனியா, காலால எழுதுனியா?” என்றாள் ஷாகிதா.

“பேங்க்ல யாரும் வாந்தி எடுக்க மாட்டாங்க சிஸ்டர்” என்றான் அவன்.

புதிதாக மாற்றிக் கொடுத்தான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், அவரவர் பெயர் வரும். கையுறை கழற்ற வேண்டாம், லூசும் வேண்டாம்.

அடுத்த மாத அறிக்கையில் அனுசுயா எல்லோரையும் போல ஒரு ஆள் வேலைதான் செய்திருந்தாள். கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள்.

“நீ இல்லேன்னா இங்க ஒண்ணும் குடி முழுகாது, போ” என்று கையெழுத்துப் போட்டார் பார்த்தசாரதி.